முகம் பார்த்துக் குற்றவாளி பிடிப்பவர் பதுளைக்கு வந்தால்...

சரக்கு ரயில்கள் ஒதுங்கி நிற்கும் முற்றத்தில் ஒரு கார். இருக்கை நனைய இரத்தம். ஆளைக் காணவில்லை. மூக்குக்கண்ணாடி, பணப்பை, இரத்தம் தோய்ந்த குழாய் என்று ஒவ்வொன்றாகக் கையில் சிக்குகின்றன. அடித்துக் கொன்றுவிட்டு உடலை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். காரின் பின்பெட்டியைத் திறந்தால்தான் ஒரு கடதாசி இடறுகிறது. உயிருள்ள பன்றி ஒன்றை விற்றதற்கான பற்றுச்சீட்டு.

இடம் லொஸ் ஏஞ்சல்ஸ், ஆண்டு 1947. துப்பறியும் பொலிஸ்காரர் கோல் ஃபெல்ப்ஸ். அவருடைய கையும் காலும் நம் விரல்களில் இருக்கின்றன. காணாமல் போனவரின் வீட்டுக்குப் போய், அவர் மனைவி மார்கரெட் பிளாக்கிடம் கேள்வி கேட்கிறோம். பதில் சொல்லி முடித்த பிறகும் கெமரா அவர் முகத்தை விட்டு நகர்வதில்லை. அந்தச் சில விநாடிகளுக்குள் நாம் ஒரு முடிவுக்கு வரவேண்டும். இந்தப் பெண் உண்மை சொல்கிறாரா, எதையோ மறைக்கிறாரா, கூசாமல் பொய் பேசுகிறாரா?

கடைசியில் பார்த்தால் கொலையே நடக்கவில்லை. கணவர் ஏட்ரியன் பிளாக்குக்கு வேறொரு பெண்ணோடு ஊரைவிட்டுப் போக ஆசை. நண்பரின் உதவியோடு பன்றி இரத்தத்தைக் காரில் ஊற்றி, தான் செத்ததாக நாடகமாடியிருக்கிறார். வழக்கை உடைத்தது அந்தப் பற்றுச்சீட்டுதான். மார்கரெட்டின் கண்களையும் உதடுகளையும் நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தோம் என்பது அங்கே கணக்கிலேயே வரவில்லை.

‘எல்.ஏ. நுவார்’ விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி இந்த ஒரு வழக்கிலேயே இருக்கிறது. மனித முகத்தை வைத்து அதுவரை யாரும் காட்டாத வித்தையைக் காட்டிய விளையாட்டு இது. அந்த முகத்தை அளவுக்குமீறி நம்பித்தான் சறுக்கவும் செய்கிறது. பதுளை இருக்கும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சறுக்கல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமே தட்டுப்படும்.

முப்பத்திரண்டு கெமராக்கள், ஒரு நாற்காலி

சிட்னியில் இயங்கிய டீம் பொண்டி நிறுவனம் 2004இல் இந்த வேலையைத் தொடங்கியது. கதையும் இயக்கமும் பிரெண்டன் மெக்நமாரா. ஏழு வருட இழுபறிக்குப் பின், 2011 மே மாதம் ரொக்ஸ்டார் கேம்ஸ் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 3இல் ஒரே வட்டில் அடங்கிய விளையாட்டு, எக்ஸ்பொக்ஸ் 360இல் மூன்று வட்டுகளைப் பிடித்தது. அதே ஆண்டு நியூயோர்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அந்த விழாவில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இதுதான்.

இத்தனை இடம் பிடித்தவை முகங்கள். நடிகரை வெளிச்சம் நிறைந்த அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் 32 கெமராக்களை நிறுத்தி, அவர் பேசும்போது முகத்தில் ஓடும் ஒவ்வொரு அசைவையும் அப்படியே பிடித்தார்கள். மோஷன்ஸ்கேன் என்பது அந்த முறையின் பெயர். ஓவியர் ஒருவர் கணினியில் புருவத்தை இழுத்துவிட்டு வரைந்த சிரிப்பு இதில் இல்லை. ஃபெல்ப்ஸாக வருபவர் ‘மேட் மென்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த ஏரன் ஸ்டாட்டன். அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு முதல் காட்சியிலேயே ஆளைத் தெரிந்துவிடும். ஏறத்தாழ 400 நடிகர்கள் இப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த முகங்கள் பழசாகவில்லை. அதற்குப் பிறகு வந்த பல பெரிய விளையாட்டுகளின் ஆட்கள் இன்றைக்கும் மெழுகுத்தனமாகச் சிரிக்கிறார்கள்.

கழுத்துக்குக் கீழேதான் சிக்கல். உடலசைவை வேறு நாளில், வேறு முறையில் பிடித்தார்கள். அதனால் தேர்ப் பொம்மையில் உயிருள்ள தலையைப் பொருத்தியதுபோல, முகம் துடிதுடிக்க உடம்பு விறைத்து நிற்கிறது. நாலைந்து வழக்குகளுக்குப் பிறகு கண் பழகிவிடும் என்பார்கள். எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

முகத்தை அடுத்து என்னைக் கட்டிப்போட்டது, பொருட்களைத் தூக்கிப் பார்க்கும் விதம். கொலை நடந்த இடத்தில் கிடக்கும் தீப்பெட்டியை எடுத்து, கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே ஒரு மதுக்கடையின் பெயர் இருக்கும். இன்னொரு போத்தலைத் தூக்குவோம், அது வெறும் போத்தல். எது தடயம், எது குப்பை என்று தெரியாமல் துழாவும் அந்த நேரம்தான் துப்பறியும் வேலையின் உண்மையான ருசி. ஆனால் தடயத்துக்குப் பக்கத்தில் போனால் ஒரு மணிச்சத்தம் கேட்கும், கைப்பிடி அதிரும். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டால் பின்னணி இசை நின்றுவிடும். இசை ஓய்ந்ததும் ‘சரி, இங்கே வேலை முடிந்தது’ என்று கிளம்பிவிடலாம். எந்தப் பொலிஸ்காரருக்கு இந்த வசதி கிடைக்கும்? நல்லவேளை, இவற்றை நிறுத்திவைக்க வழியிருக்கிறது.

தவறிழைத்தால் விளையாட்டு நின்றுபோவதில்லை என்பதும் பாராட்டத்தக்கது. கேள்விகளையெல்லாம் கோட்டைவிட்டாலும் வழக்கு வேறொரு வழியாக நகர்ந்துபோய் எங்காவது முடியும். கடைசியில் ஐந்து நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ கிடைக்கும், மேலதிகாரி திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போகலாம். வாழ்க்கையில் பொலிஸ் விசாரணைகள் நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இதிலேயே ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் செய்த தவறு கதையில் யாரையும் தொடுவதில்லை.

நகரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆகாயப் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாகக் கட்டியிருக்கிறார்கள். கார்களும் கடைப் பலகைகளும் தொப்பிகளும் அச்சு அசல். ஆனால் வழக்குக்கு வெளியே அங்கே செய்ய ஒன்றுமில்லை. வானொலியில் வரும் 40 சில்லறைக் குற்றங்களும் துரத்து, சுடு, முடி என்ற ஒரே வாய்ப்பாடு. நான் பெரும்பாலும் கூட வரும் பொலிஸ்காரரையே காரோட்டச் சொல்லிவிட்டுத் தாண்டிப்போனேன். துப்பாக்கிச் சண்டைகள் இன்னும் மோசம். மாலையில் பத்துப் பதினைந்து பேரைச் சுட்டுப்போட்டுவிட்டு, மறுநாள் காலை ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு மனிதாபிமானம் பேசுகிறார் ஃபெல்ப்ஸ். துப்பறியும் விளையாட்டை மட்டும் விற்க முடியாது என்று பயந்து சேர்த்த சரக்கு இது. மூன்று தரம் தோற்றால் இந்தக் கட்டங்களைத் தாண்டிப்போக விளையாட்டே அனுமதி தருகிறது. தோற்றுவிடுங்கள்.

‘அவ பொய் சொல்லலய்யா’

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் உறவுக்காரர் வீட்டில் இதை விளையாடிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அப்பாயி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தெடுத்தே முதுகு வளைந்தவர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. திரையில் கொலையுண்ட பெண்ணுக்குத் தெரிந்த ஒருத்தி, கண்ணைத் தாழ்த்தி விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்னய்யா கேக்குறான் அந்தத் தொப்பிக்காரன்?”

“அந்த ஆளை ராத்திரி பாத்தியான்னு கேக்குறான் அப்பாயி. பாக்கலங்குறா. பொய் மாதிரி இருக்கு.”

“அவ பொய் சொல்லலய்யா. பயந்துபோயிக் கெடக்கா. தொர முன்னுக்கு நின்னா நாங்களும் அப்படித்தான் முழிப்போம்.”

நான் ‘பொய்’ என்ற பொத்தானை அழுத்தினேன். அவள் பொய்தான் சொல்லியிருந்தாள். புள்ளி கிடைத்தது. விளையாட்டின் கணக்கில் நான் சரி, அப்பாயி பிழை. அப்பாயியின் வாழ்க்கைக் கணக்கில் அது அப்படியில்லை.

தோட்டத்தில் முகத்துக்கு வேறு இலக்கணம். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில், தோட்ட நிர்வாகியான துரைக்கு முன்னால் கண் தாழ்த்தி நிற்பது மரியாதையாகவும் பழக்கமாகவும், பல நேரம் தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் திமிர். தடுமாறினால் கள்ளம். சும்மா நின்றால் அழுத்தக்காரன். கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் துரைக்கும் ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று முகம் காட்டியிருப்பார். மூன்றில் எதையும் வைத்து அவர் உண்மை பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. விளையாட்டின் உலகத்தில் பொய்யர்களுக்கு மட்டும்தான் கண் அலைகிறது. நிரபராதி பயப்படுவதற்கு அங்கே அநேகமாக இடமே இல்லை.

ஆராய்ச்சியும் அப்பாயியின் பக்கம்தான். சார்ல்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொன்னவர்கள் 24,000க்கும் மேல். எதிராளி பொய் சொல்கிறாரா, உண்மை சொல்கிறாரா என்பதை அவர்கள் சரியாகக் கணித்தது சராசரியாக நூற்றுக்கு 54 தடவை. காசைச் சுண்டினால் 50.

விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இந்த இடத்தில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. ‘ஐயம்’ என்று போட்டிருக்கும் பொத்தான், வேலை நடந்த காலத்தில் ‘அதட்டு’ என்றே இருந்தது. எழுத்தும் நடிப்பும் அதற்கேற்றபடி முடிந்த பிறகு பெயரை மாற்றினார்கள். விளைவு, மகளைப் பறிகொடுத்த தாயிடம் ‘இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறதோ’ என்று மெல்ல ஐயப்பட்டு நாம் அழுத்தினால், ஃபெல்ப்ஸ் மேசையில் ஓங்கி அடித்து ‘உன்னை உள்ளே தள்ளிவிடுவேன்’ என்கிற தொனியில் கத்துகிறார். அடுத்த கேள்விக்குள் மறுபடியும் பரம சாது. 2017 மறுபதிப்பில் பொத்தான்களை ‘நல்ல பொலிஸ்’, ‘கெட்ட பொலிஸ்’, ‘குற்றஞ்சாட்டு’ என்று மாற்றிவிட்டார்கள். இது நேர்மையான பெயர். கத்தல் அப்படியே இருக்கிறது.

பதுளை நீதிமன்றத்தில் இது செல்லுமா?

ஃபெல்ப்ஸ் 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பதிலாகப் பதுளையில் வேலை பார்த்திருந்தால் என்ற விபரீத ஆசை இங்கே எனக்கு வந்தது. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற ஊர். 1924இல் வந்த ரயில். சுற்றிலும் பசறை, ஸ்பிரிங்வெளி, நமுனுகுல, மடுல்சீமை என்று மலை மலையாகத் தோட்டங்கள். மாலையானால் இறங்கும் பனிமூட்டம். படம் பிடிக்க வேறு என்ன வேண்டும்?

ஆனால் அவருடைய முக்கியமான ஆயுதம் இங்கே முனை மழுங்கிவிடும். விளையாட்டின் பெரிய வெற்றி, விசாரணை அறையில் சந்தேகநபரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இலிருந்தே, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அந்த ஆளுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்கிறது. அதற்கு முன்மாதிரியான 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் அதையேதான் சொன்னது. அறையில் என்ன நடக்கும் என்று வெள்ளைக்காரச் சட்டக்காரருக்கே தெரிந்திருந்தது. பின்னாளில், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த வாக்குமூலம் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லுபடியானது. அதனால் எத்தனை பேருடைய வாலிபம் சிறையில் கரைந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாரணை அறையை வெறும் விளையாட்டாகப் பார்க்க நம்மால் முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒப்புதலை விட்டால் எஞ்சுவது பொருள். நம் நாட்டின் மிகப் பெரிய ‘நுவார்’ வழக்கு, இருண்ட குற்றக்கதை போன்ற வழக்கு, பொருளில்தான் தீர்ந்தது. 1951 ஒக்டோபர் 9. பம்பலப்பிட்டியில் ஒரு வீடு. 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி கொழும்புக்கு வந்தபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவா சதாசிவத்தின் மனைவி, கார்க் கொட்டகையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். கழுத்தின் மேல் ஒரு உரல். புதிதாகச் சேர்ந்திருந்த வேலைக்காரர் வில்லியம், நகைகளோடு காணாமல் போயிருந்தார். பிடிபட்டதும், கொன்றவர் சதாசிவம்தான், நான் உதவினேன் என்றார். அரசுத் தரப்பு அவருக்கு நிபந்தனை மன்னிப்புக் கொடுத்து, அவரைச் சாட்சியாக்கி, சதாசிவத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

ஃபெல்ப்ஸாக இருந்தால் வில்லியத்தின் முகத்தைப் பார்த்திருப்பார். சதாசிவத்தின் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா, இறந்தவரின் பாதத்தைப் பார்த்தார். கொலை மாடி அறையில் நடந்தது என்றது வில்லியத்தின் கதை. பாதங்களிலோ அழுக்குப் படிந்திருந்தது. அது சமையலறைத் தரையைக் காட்டியது. உயிர் பிரிந்த நேரத்தைப் பற்றிப் தடய மருத்துவப் பேராசிரியர் டி சேரம் ஒன்று சொல்ல, சதாசிவத்தின் தரப்புக்காக எடின்பரோவிலிருந்து தடயவியல் மேதை சேர் சிட்னி ஸ்மித் வந்து வேறொன்று சொன்னார். 57 நாள் விசாரணை. 1953 ஜூன் 25, ஜூரிகள் ஏழு பேரும் ஒருமனதாக விடுதலை என்றார்கள். விற்கப்பட்ட தாலிக்கொடியும் பாதத்து அழுக்கும் உடல் குளிர்ந்த கணக்கும் இருக்கும் இந்த வழக்கை விளையாட்டாக எடுக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை என்பது ஆச்சரியம்தான்.

தோட்டத்தில் வழக்கு விழுந்தால் துப்பறிவாளருக்கு இன்னொரு பொக்கிஷம் காத்திருக்கும். செக்ரோல். யார் எந்த நாள் எந்த மலையில் வேலை செய்தார், யார் வரவில்லை, யாருக்குப் பேர் (நாள் சம்பளத்துக்கான பதிவு) விழுந்தது என்று நாள்தவறாமல் எழுதப்பட்ட பேரேடு. ஃபெல்ப்ஸ் தன் கருப்புக் குறிப்பேட்டில் சொந்தக் கையால் எழுதிச் சேர்க்கிற அத்தனையும் இங்கே எழுதிய நிலையிலேயே கிடைக்கும். அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதைத்தான் துப்பறிய வேண்டும்.

ஒரு தோட்டத்துக் கொலையில் இதெல்லாம் எவ்வளவு தூரம் போகும்? 1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். கொன்றது யார் என்பதில் மர்மமே இல்லை. ஏன், யார் சொல்லி என்பதுதான் கேள்வி. விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவரும் கொல்வின்தான். பொலிஸும் தோட்டத் துரைமாரும் கைகோர்த்திருந்ததை அவர் குறுக்குக் கேள்விகளில் வெளியே இழுத்துப் போட்டார். அதே ஆண்டு போராட்டம் ஊவாவுக்கும் பரவியது. பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனோடு கலந்துபேசியே நிர்வாகம் நடத்தத் துரை சம்மதித்தார். ‘ஒழுங்கை நிலைநாட்ட’ வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். பிறகு வெள்ளம் வந்து, ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்தது. அந்த மறைவில் பொலிஸ் அடக்குமுறை போராட்டத்தை நசுக்கியது. கொல்வின் அந்த ஜூனிலேயே சிறைக்குப் போனார். 1942 ஏப்ரலில் போகம்பறைச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு ஓடினார். கதாசிரியர் யாராவது இப்படி எழுதினால் நம்பும்படி இல்லை என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

தவறான ஆளைப் பிடிக்க வைக்கும் விளையாட்டு

‘எல்.ஏ. நுவார்’ இதையெல்லாம் அறியாத விளையாட்டு என்று சொன்னால் அநியாயம். (இதற்கு மேல் கதை முடிச்சுகள் அவிழும். விளையாடப் போகிறவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாண்டிவிடலாம்.)

அதன் நடுப்பகுதி கொலைப் பிரிவு. 1947 ஜனவரியில் உடல் கண்டெடுக்கப்பட்ட எலிசபெத் ஷோர்ட்டின் வழக்கு, ‘பிளாக் டாலியா’ என்று உலகறிந்தது, நிஜத்தில் இன்றுவரை தீராதது. அதன் நிழலில், ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கணவனோ குடிகாரனோ யாரோ ஒருவர் சிக்குகிறார். தடயம் சரியாக இருக்கிறது. இருந்தும் எங்கோ நெருடுகிறது. டீட்ரா மோலர் கொலையில் இரண்டு பேரில் ஒருவர் மேல் குற்றம் சுமத்த வேண்டும். ஒருவர் அவள் கணவர். மற்றவர் சிறுமிகளைக் கெடுத்த பழைய குற்றவாளி. தடயங்கள் கணவர் பக்கம் சாய்கின்றன. தலைமை அதிகாரி டொனலிக்கோ மற்றவரைத்தான் சிக்கவைக்க ஆசை. அவருக்குப் பிடித்த ஆளை நீட்டினால் ஐந்து நட்சத்திரம். கணவரை நீட்டினால் திட்டு. இரண்டு பேருமே கொல்லவில்லை.

இந்த இடத்தில் விளையாட்டு தன் உச்சத்தைத் தொடுகிறது. நட்சத்திரத்துக்காக ஓடிய நம் கையையே நமக்குக் காட்டிவிடுகிறது. பின்னர் உண்மைக் கொலைகாரன் அகப்படும்போது, அவன் பெரிய இடத்துச் சொந்தக்காரன் என்பதால் விஷயம் வெளியே வராமல் புதைக்கப்படுகிறது. முன்பு உள்ளே போனவர்கள் சத்தமில்லாமல் விடுவிக்கப்படுவார்கள் என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான். ஒருத்தர் முகத்தைக்கூட நமக்குக் காட்டவில்லை. மணிக்கணக்காக முகங்களையே பார்க்க வைத்தவர்கள், கட்டாயம் காட்டியிருக்க வேண்டிய முகங்களைக் காட்டாமல் விட்டார்கள். இந்த விளையாட்டின் மற்றக் குறைகளையெல்லாம் மன்னிக்கலாம், இதை என்னால் முடியவில்லை. போதாததற்கு, நிஜமாகச் செத்துப்போன எலிசபெத் ஷோர்ட்டின் வழக்குக்கு ஒரு கற்பனைக் கொலைகாரனைக் கொடுத்து மூடியதும் ருசிகெட்ட வேலை.

தமிழில் இதே காலத்தை இதே முறையில் தொட்ட படம் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’. வெளிவந்தது 1954இல், கதை நடப்பது ஜப்பான்காரர் சென்னையில் குண்டுபோட்ட 1943இல். பாட்டே கிடையாது. ஒரு கொலை, பல சந்தேகநபர்கள், ஒரு சி.ஐ.டி. ஒவ்வொருவர் சொல்வதையும் கெமரா நடத்திக் காட்டும், காட்டியது பொய்யாகவும் இருக்கும். கண்ணால் பார்த்ததையே நம்ப முடியாது என்ற துணிச்சல் அந்தப் படத்துக்கு இருந்தது. கோடிகளைக் கொட்டிய விளையாட்டுக்கு அது வரவில்லை.

ஃபெல்ப்ஸின் சொந்தக் கதையிலும் ஒரு ஏமாற்று உண்டு. மனைவியும் பிள்ளைகளும் இருக்க, ஜெர்மன் பாடகி எல்சாவோடு அவருக்கு உறவு. இது ஊருக்கே தெரியவரும் கட்டத்தில்தான் நமக்கும் தெரியவருகிறது. அத்தனை நாள் அந்த ஆளின் கால்சட்டைப் பையிலேயே குடியிருந்திருக்கிறோம், ஒரு துப்பும் இல்லை! ஆனால் அதற்குப் பின் வரும் கடைசிப் பகுதி வலுவானது. காப்புறுதி நிறுவனத்து விசாரணையாளர் ஜாக் கெல்சோ கதையைக் கையில் எடுக்கிறார். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கென்று கட்டும் வீடுகள் மட்டமான பலகையால் ஆனவை. நெடுஞ்சாலை வரும் பாதையில், அரசாங்க நட்டஈட்டைக் குறிவைத்தே அவை கட்டப்படுகின்றன. விற்க மறுப்பவர்களின் வீடு எரிகிறது. மேயரிலிருந்து மருத்துவர் வரை எல்லோருக்கும் பங்கு. லயத்துக் காம்பரா இடிந்து, ‘வீடு வருகிறது’ என்ற வாக்குறுதியை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பகுதியை விளங்கிக்கொள்ளத் துணையுரை எதுவும் தேவைப்படாது.

பேர் விழாதவர்கள்

விளையாட்டு வந்த அடுத்த மாதமே இன்னொரு கதை வெளியே வந்தது. டீம் பொண்டியின் முன்னாள் ஊழியர்கள், முறையற்ற நீண்ட வேலைநேரத்தையும் வார இறுதி வேலையையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில், உழைத்த 100க்கும் மேற்பட்டோரின் பெயர் இல்லை. வேலை முடியுமுன் விலகியவர்கள் அவர்களில் அதிகம். விடுபட்டவர்கள் தாங்களே ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் ஊரிலிருந்து பார்த்தால், முழுநாள் உழைத்தவருக்குப் பேரே போடாத இந்தக் கணக்கு நன்றாகவே பிடிபடுகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனமும் மூடப்பட்டது. முகம் பிடிக்கும் அந்த அற்புதத் தொழில்நுட்பமும் அதற்குப் பிறகு தலையெடுக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2017 மறுபதிப்பு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் இருக்கிறது, கணினிக்கு 2011ஆம் ஆண்டுப் பழைய பதிப்பு. கொலைப் பிரிவில் பெண்களின் உடல்களை அருகில் வைத்துப் பார்க்கும் கட்டங்கள் உள்ளன, வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு தொடங்குங்கள். தமிழில் கிடையாது. ஆங்கில எழுத்துவரிகளை வாசிக்கும் வேகம் இல்லாதவர்கள் விசாரணைக் கட்டங்களில் தவிப்பார்கள், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்வது நல்லது. முதல் தடவை மணிச்சத்தத்தோடு ஆடுங்கள். இரண்டாம் தடவை அதையும் அதிர்வையும் நிறுத்திவிட்டு, நிறத்தையும் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் போட்டுக்கொண்டு, கேள்வி கேட்பதற்கு முன்னால் குறிப்பேட்டை ஒருமுறை முழுவதுமாக வாசித்துவிட்டு உள்ளே போங்கள். ‘ஐயம்’ பொத்தானை (மறுபதிப்பில் ‘கெட்ட பொலிஸ்’) மட்டும் கூடுமானவரை தொடாதீர்கள்.